ஒரு பார்வையில் நேரம்

விமானி அறைக்குள் வாழ்நாளில் ஒருமுறைகூட எட்டிப் பார்த்திராத பலருடைய மணிக்கட்டில் இன்று விமானியின் கடிகாரம் இருக்கிறது. கறுப்பு முகப்பு, பெரிய வெள்ளை எண்கள், பன்னிரண்டின் இடத்தில் ஒரு முக்கோணம், வெங்காய வடிவத்தில் ஒரு திருகு, குமிழ் ஆணி அடித்த தோல்வார். இணைய அங்காடிகளில் இந்த அமைப்பு ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. பல லட்சம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். எது நல்ல கடிகாரம் என்று கடிகாரக் கலை அறியாத ஒருவர் எப்படிக் கண்டறிவது?

இந்தக் கேள்விக்குள் நான் நுழைந்ததற்குக் காரணம் ஒரு தேர்வு அறை. சில ஆண்டுகளுக்கு முன்பு, பணி ஓய்வுக்குச் சற்று முன்னதாக, உறவினர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்த கைக்கடிகாரத்தை அணிந்துகொண்டு அறைக் கண்காணிப்பாளராகச் சென்றிருந்தேன். வெள்ளி நிற முகப்பு, வெள்ளி நிற முட்கள். எண்களே இல்லை, பன்னிரண்டு மெல்லிய கோடுகள் மட்டும். தேர்வு பிற்பகல் ஒரு மணிக்கு முடிய வேண்டும். அன்று மின்சாரம் இல்லாததால் மின்மணி ஒலிக்கவில்லை. அந்தந்த அறையில் இருந்தவரின் கடிகாரமே சட்டம். தளர்வான உலோகப்பட்டை மணிக்கட்டில் சற்றுத் திரும்பியிருந்தது. சன்னல் வெளிச்சம் முகப்பில் பட்டுத் தெறித்தது. பெரிய முள் மேலே நேராக நிற்பதாகக் கண்டு, நேரம் முடிந்தது என்று அறிவித்து, விடைத்தாள்களை வாங்கத் தொடங்கினேன். இரண்டு வரிசை வாங்கிய பிறகு ஒரு மாணவி எழுந்து, “ஐயா, இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது” என்றார். பக்கத்து அறையில் கேட்டேன். அவர் சொன்னதே சரி. பதினொன்றில் நின்ற முள்ளைப் பன்னிரண்டில் நிற்பதாகப் படித்திருக்கிறேன். விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குள் ஐந்து நிமிடத்தில் மூன்று போய்விட்டது. அந்த மாணவி கடைசி விடையை முடித்தாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

மணி முள்ளைப் பார்த்திருந்தாலே தவறு புரிந்திருக்குமே என்று வாசகர் கேட்கலாம். ஒரு மணி ஆகப்போகிறது என்று முன்பே அறிந்த மனம் மணி முள்ளைப் பார்ப்பதில்லை. நிமிட முள்ளை மட்டுமே தேடுகிறது. பன்னிரண்டு எங்கே இருக்கிறது என்று காட்டும் தனி அடையாளம் முகப்பில் இல்லாதபோது, கடிகாரம் சற்றுத் திரும்பினாலே ஐந்து நிமிடம் தொலைந்துவிடும். விமானிக் கடிகாரத்தின் முக்கோணம் அழகுக்காக வைக்கப்பட்டதன்று என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

விமானிக்குக் கடிகாரம் மணிக்கட்டில் ஏன் தேவைப்பட்டது என்பதிலிருந்து தொடங்கலாம். பாரிஸில் வாழ்ந்த பிரேசில் நாட்டு வான் முன்னோடி சாந்தோஸ் துமோன், பறக்கும்போது சட்டைப் பைக்குள்ளிருந்து கடிகாரத்தை எடுக்கக் கை ஒழியவில்லை என்று நண்பர் லூயி கார்த்தியேவிடம் குறைப்பட்டதாகவும், அவருக்காக 1904-இல் ஒரு கைக்கடிகாரம் உருவானதாகவும் சொல்வார்கள். ஆனால், இன்று நாம் காணும் கறுப்பு முகப்பு வடிவம் அந்த நளினமான கடிகாரத்திலிருந்து வந்ததன்று. இரண்டாம் உலகப்போர்க்கால ஜெர்மன் வான்படையின் ‘பேயோபாக்டுங்ஸ்ஊர்’, அதாவது நோக்குநர் கடிகாரம் என்பதன் வழித்தோன்றல் அது. லாங்கே, லாகோ, ஸ்டோவா, வெம்பே, ஐ.டபிள்யு.சி. ஆகிய ஐந்து நிறுவனங்கள் ஒரே வரைமுறையின்படி அவற்றைச் செய்து கொடுத்தன. குறுக்களவு 55 மில்லிமீட்டர். இன்றைய பெரிய கைக்கடிகாரங்களைக்கூடச் சிறியதாகக் காட்டும் அளவு. கையுறையுடன் திருகுவதற்காகவே அந்த வெங்காயத் திருகு. தடித்த பறப்பு அங்கிக்கு மேலே கட்டுவதற்காகவே நீண்ட தோல்வார். திருகை இழுத்தால் விநாடி முள் நின்றுவிடும். தலைமைக் கடிகாரத்துடன் விநாடி பிசகாமல் பொருத்திக்கொள்ளலாம்.

விநாடி பிசகினால் என்ன ஆகும்? அன்று கடலுக்கு மேல் இரவில் பறந்த வழி கணிப்பாளர், செக்ஸ்டன்ட் என்னும் கருவியால் விண்மீனின் உயரக் கோணத்தை அளந்து, அளந்த நேரத்தைக் குறித்து, அட்டவணையின் துணையுடன் தம் இடத்தைக் கணித்தார். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஒரு மணிக்கு 15 பாகை. கணக்கிட்டுப் பார்த்தால் நிலநடுக்கோட்டில் நான்கு விநாடிப் பிழை ஒரு கடல் மைல் பிழையாகும். ஒரு நிமிடப் பிழை 15 கடல் மைல், அதாவது சுமார் 28 கிலோமீட்டர். எரிபொருள் தீரும் நிலையில் கீழே கடற்கரையா கடலா என்பதை அந்த ஒரு நிமிடம் தீர்மானித்துவிடலாம்.

ஆகவே, 1941-இல் அந்தக் கடிகாரத்தின் முகப்பையே மாற்றினார்கள். அதற்கு முந்தைய வடிவத்தில் நம் வீட்டுச் சுவர்க் கடிகாரம் போல ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள் இருந்தன. புதிய வடிவத்திலோ வெளிவட்டத்தில் 5, 10, 15 என்று நிமிடங்கள் பெரிதாக இடம்பெற்றன. மணி எண்கள் உள்ளே ஒரு சிறு வட்டத்துக்குள் ஒடுங்கின. மணி எத்தனை என்பது வழி கணிப்பாளருக்குத் தெரியும். அவருக்கு வேண்டியது நிமிடமும் விநாடியும். பயன்படுத்துபவரின் தேவையை அறிந்து தகவலை வரிசைப்படுத்துவது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. இருந்தும், வீட்டில் அணிவதற்கு இந்த இரண்டாம் வடிவத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். மணி எத்தனை என்பதை அடிக்கடி மறந்துபோகிறவர்கள் நாம். நமக்கு முதல் வடிவமே பொருந்தும்.

போர் முடிந்தபின் 1947-இல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள், விமானக் கருவிகளைப் படிப்பதில் விமானிகள் செய்த 270 தவறுகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். ‘விமானியின் பிழை’ என்று கோப்பில் முடித்துவைக்கப்படும் வகையைச் சேர்ந்தவை அவை. பல முட்கள் கொண்ட உயரமானியைத் தவறாகப் படித்து, ஆயிரம் அடிக் கணக்கில் ஏமாந்தவை அவற்றில் முக்கிய இடம் பெற்றன. பிழை மனிதரிடம் மட்டும் இல்லை, ஒன்றையொன்று ஒத்த முட்களிடமும் இருக்கிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. தேர்வு அறை நிகழ்ச்சிக்கு இதை நான் சமாதானமாகச் சொல்லவில்லை. எண் இல்லாத கடிகாரத்தை அணிந்து சென்றது என் தேர்வுதான்.

இனிக் கடைக்குச் செல்வோம். பொருள்களின் தரத்தை நுகர்வோர் அறியும் விதத்தைப் பொருளியல் மூன்றாகப் பிரிக்கிறது. வாங்குவதற்கு முன்பே தேடிப் பார்த்து அறியக்கூடியவை, பயன்படுத்திய பின்பே அறியக்கூடியவை என்ற பிரிவை 1970-இல் ஃபிலிப் நெல்சன் வகுத்தார். பயன்படுத்திய பின்பும் அறிய முடியாத, நம்பித்தான் ஆக வேண்டிய தரங்களும் உண்டு என்று 1973-இல் டார்பியும் கார்னியும் சேர்த்தார்கள். கைக்கடிகாரம் இந்த மூன்றையும் ஒரே பெட்டிக்குள் வைத்திருக்கும் விந்தையான பண்டம். படிக்கும் தெளிவு முதல் வகை. நேரத் துல்லியம் இரண்டாம் வகை. நீர் புகாமை மூன்றாம் வகை. வேடிக்கை என்னவென்றால், கடையிலேயே செலவின்றிச் சோதிக்கக்கூடிய முதல் வகையைத்தான் நாம் சோதிப்பதில்லை.

விளம்பரப் படங்களில் கடிகாரங்கள் பெரும்பாலும் 10 மணி 10 நிமிடத்தையே காட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். முட்கள் விலகி நின்று, நிறுவனத்தின் பெயரைச் சட்டமிட்டுக் காட்டும் நேரம் அது. எந்த மோசமான முகப்பும் அந்த நேரத்தில் தெளிவாகத்தான் இருக்கும். ஆகவே, கடைக்காரரிடம் சொல்லி முட்களை நகர்த்திப் பாருங்கள். 12.05-இல் வைத்துப் பாருங்கள். இரு முட்களும் நீளத்திலும் பருமனிலும் ஒத்திருந்தால் அது ஒரு மணி போலத் தோன்றும். 6.32-இல் வையுங்கள், ஒரு முள் மற்றொன்றை மறைக்கும். பின்பு கையை முழுமையாக நீட்டி, ஒரு கணம் மட்டும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நேரத்தைச் சொல்லுங்கள். நிமிடம் சரியாக வந்தால் நல்ல முகப்பு. ‘ஏறக்குறைய’ என்று வாய் தயங்கினால் அதை அங்கேயே விட்டுவிடலாம். என்னைப்போல் வெள்ளெழுத்து வந்தவர்கள் இந்தச் சோதனையைக் கண்ணாடி இல்லாமலும் செய்து பார்க்க வேண்டும். நள்ளிரவில் விழித்து நேரம் பார்க்கும்போது மூக்கின்மேல் கண்ணாடி இருப்பதில்லை.

முள்ளின் நீளத்தைக் கவனிப்பவர்கள் குறைவு. நிமிட முள்ளின் முனை நிமிடக் கோடுகளைத் தொட வேண்டும். எட்டாமல் நின்றால் கண் இடைவெளியைக் கற்பனையால் நிரப்பிக்கொள்ளும், ஒன்றிரண்டு நிமிடம் பிசகும். மணி முள் குட்டையாகவும் பருத்தும் இருப்பது நல்லது. மலிவுப் பதிப்புகளில் அடிக்கடி காணும் குறை இது: பெரிய உறைக்குள் சிறிய கடிகாரத்துக்கென்று செய்த முட்களைப் பொருத்திவிடுகிறார்கள். அகன்ற முகப்பின் நடுவே குட்டை முட்கள், பெரிய பாத்திரத்தில் சிறு கரண்டி போல நிற்கும். பெரிய கடிகாரம் என்றால் தெளிவான கடிகாரம் என்பது பிழையான எண்ணம். நிற வேறுபாடும் அளவுப் பொருத்தமும்தான் தெளிவைத் தருகின்றன. கண்ணாடிபோல் மெருகேற்றிய முட்கள் கறுப்பு முகப்பில் பகட்டாக இருக்கும்; ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அவையும் கறுப்பைப் பிரதிபலித்துக் காணாமல் போகும். அவற்றைவிட மங்கலான வெள்ளைப் பூச்சு மேல். எண் மூன்றைப் பாதி வெட்டிவிட்டுத் தேதிக்குச் சன்னல் திறந்திருக்கும் முகப்புகளையும் பார்க்கிறோம். அவற்றை வடிவமைத்தவர்களின் பொறுமையின்மை அதில் தெரிகிறது.

கண்ணாடிக்கு வருவோம். பிளாஸ்டிக், கனிமக் கண்ணாடி, சபையர் என மூன்று உண்டு. தெருப்புழுதியில் உள்ள குவார்ட்ஸ் மணலின் கடினம் மோஸ் அளவில் 7. கனிமக் கண்ணாடி அதற்குக் கீழே; சபையர் 9. ஆகவே, நம் ஊர்த் தூசியில் கனிமக் கண்ணாடி கீறல் விழும், சபையர் விழாது. ஆனால் சபையரில் ஒளி அதிகம் தெறிக்கும். எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு இல்லாத சபையர், வெயிலில் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். கடை வாசலுக்கு வந்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பழைய பிளாஸ்டிக் கண்ணாடி எளிதில் கீறும். எளிதில் தேய்த்து மெருகேற்றவும் முடியும்.

இருளில் ஒளிரும் எதையும் தமிழ்நாட்டில் ‘ரேடியம்’ என்றே சொல்கிறோம். வண்டியின் பின்னால் ஒட்டும் தாளும் நமக்கு ரேடியம்தான். அந்தச் சொல்லுக்குப் பின்னே ஒரு துயரம் இருக்கிறது. முதல் உலகப்போர்க் காலம் தொட்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஆரஞ்சு என்னும் ஊரில், கடிகார முகப்புகளுக்கு உண்மையான ரேடியம் கலந்த பூச்சை இளம்பெண்கள் தூரிகையால் தீட்டினார்கள். தூரிகை முனையைக் கூராக்க உதட்டில் வைத்துச் சுழற்றுமாறு அவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. தாடை எலும்பு சிதைந்தும் இரத்தம் கெட்டும் பலர் இறந்தார்கள். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928-இல் சமரசத்தில் முடிந்தது. போர்வீரன் இருளில் நேரம் பார்க்கும் தெளிவுக்கு அவர்கள் கொடுத்த விலை அது. ரேடியம்-226 பாதியாகக் குறைய 1600 ஆண்டுகள் ஆகும். பூச்சின் ஒளிரும் வேதிப்பொருள் சில பத்தாண்டுகளில் செயலிழந்துவிடும். ஆகையால், ஒளிராத பழைய இராணுவக் கடிகாரம் கதிர்வீச்சு இல்லாத கடிகாரமாகிவிடாது. பழம்பொருள் ஆர்வலர்கள் அவற்றை வீட்டு மேசையில் திறந்து, உதிரும் பூச்சைச் சுரண்டக்கூடாது.

இன்றைய நல்ல கடிகாரங்களில் இருப்பது ஸ்ட்ரான்சியம் அலுமினேட் அடிப்படையிலான பூச்சு. 1990-களில் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் உருவாக்கியது, கதிர்வீச்சு அற்றது, வெளிச்சத்தை உண்டு இருளில் உமிழ்வது. இதன் தரம் பூசப்பட்ட கனத்தில் இருக்கிறது. கைபேசி விளக்கைக் காட்டிவிட்டு உள்ளங்கையால் மூடிப் பார்த்தால் எல்லாமே பச்சையாக ஒளிரும். கடைக்காரரும் அதைத்தான் செய்து காட்டுவார். ஐந்து மணி நேரம் கழித்து, கண் இருளுக்குப் பழகிய நிலையில் முட்கள் தெரிகின்றனவா என்பதே சோதனை. இது வீட்டில்தான் முடியும். திருப்பித் தரும் வசதி இருக்கும்போது முதல் இரவிலேயே பார்த்துவிட வேண்டும்.

துல்லியத்தைப் பற்றி ஒரு மயக்கம் உண்டு. விலை கூடினால் துல்லியம் கூடும் என்று நம்புகிறோம். விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் கொண்ட சாதாரண பேட்டரி கடிகாரம் மாதத்துக்கு ஏறக்குறைய 15 விநாடிக்குள் பிசகும். சுவிட்சர்லாந்தில் 15 நாள் சோதித்துச் சான்றிதழ் பெறும் உயர்தர இயந்திரக் கடிகாரத்துக்கு அனுமதிக்கப்படும் சராசரிப் பிசகு ஒரு நாளைக்கே நான்கு விநாடி குறைவு முதல் ஆறு விநாடி அதிகம் வரை. சில நூறு ரூபாய்ப் பண்டம் சில லட்ச ரூபாய்ப் பண்டத்தைத் துல்லியத்தில் வெல்கிறது. அப்படியானால் லட்சங்கள் எதற்கு? கைவினைக்கு, நீண்ட ஆயுளுக்கு, தோர்ஸ்டைன் வெப்லன் 1899-இல் பெயரிட்ட பகட்டு நுகர்வுக்கு. இவற்றில் எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பதில் தவறில்லை. ‘17 கற்கள்’ என்பதையும் பலர் செல்வம்போல் எண்ணுகிறார்கள். அவை உராய்வைக் குறைக்கும் செயற்கை மாணிக்கத் துண்டுகள். சாவி கொடுக்கும் கடிகாரத்துக்குப் பதினேழு போதும். இருபத்தைந்து என்றால் எட்டு மடங்கோ எட்டுப் பங்கோ மேன்மை என்று பொருளில்லை.

நம்பித்தான் ஆக வேண்டிய வகைக்கு ஒரு நினைவூட்டல். பின்மூடியில் ‘30 மீட்டர்’ என்றிருந்தால் முப்பது மீட்டர் ஆழம் மூழ்கலாம் என்று பொருளன்று. ஆய்வகத்தில் அசையாத நிலையில் தாங்கிய அழுத்தம் அது. நடைமுறையில் மழைத் தூறலும் கை கழுவுவதும் தாங்கும், அவ்வளவே. உள்ளிருக்கும் ரப்பர் வளையம் சில ஆண்டுகளில் இறுகிப்போகும். பேட்டரி மாற்றும்போது அதையும் மாற்றச் சொல்ல வேண்டும். குமிழ் ஆணித் தோல்வாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குளிர் வானத்துக்குச் செய்த வார், நம் வெயிலிலும் வியர்வையிலும் ஒரே கோடையில் நாறத் தொடங்கும். நைலான் பட்டை மலிவு, துவைக்கலாம்.

நம் நாட்டுக்கும் ஒரு விமானிக் கடிகாரம் இருந்தது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி., ‘ஜனதா’ போன்ற பெயர்களுடன் ‘பைலட்’ என்ற பெயரிலும் ஒன்றை விற்றது. சாவி கொடுப்பது, பதினேழு கற்கள், கறுப்பு முகப்பு. இன்றைய கண்ணுக்குச் சிறியது. ஆனாலும் ஒரு பார்வையில் நேரம் தெரியும். குவார்ட்ஸ் அலையில் பின்தங்கிய அந்தக் கடிகாரப் பிரிவை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. அதன்பின் ‘பைலட்’ பழம்பொருளாகி விலை ஏறியது. விலை ஏறியதும் ஒட்டுவேலை பெருகியது. பழைய இயந்திரத்துக்குப் புதிதாக வண்ணம் பூசிய முகப்பு, வேறொரு கடிகாரத்தின் முட்கள், தேய்த்துத் தேய்த்து விளிம்பு மழுங்கிய உறை. பயன்படுத்திய கார்ச் சந்தையை முன்வைத்து 1970-இல் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் எழுதிய கட்டுரை நினைவுக்கு வருகிறது; மூன்று ஆய்விதழ்கள் ஏற்க மறுத்து, பின்னர் அவருக்கு 2001-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்த கட்டுரை. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில், வாங்குபவர் சராசரி விலைக்கு மேல் கொடுக்கத் துணிவதில்லை; நல்ல பொருள் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றி விலகுகிறார்; எஞ்சுவது குறைபட்டவை. பழைய ‘பைலட்’ சந்தையில் இதை நேராகக் காணலாம்.

வாங்குபவருக்கு இங்கும் சில துப்புகள் உண்டு. உருப்பெருக்கியால் முகப்பைப் பாருங்கள். எழுத்தின் ஓரம் கசிந்திருந்தாலோ, நிமிடக் கோடுகள் மையத்தை நோக்கி நேராக இல்லாவிட்டாலோ அது மறுபூச்சு. முட்களின் ஒளிர்பூச்சு பழுப்பேறி, முகப்பின் பூச்சு மட்டும் பச்சைப் பசேல் என்றிருந்தால் இரண்டும் ஒரே வயதுடையவை அல்ல. ஐம்பதாண்டுக் கடிகாரம் நேற்றுப் பிறந்ததுபோல் பளபளத்தால் ஐயப்படுங்கள். பின்மூடியைத் திறந்து படம் அனுப்பத் தயங்கும் விற்பனையாளரிடம் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும், முதல் பத்து நாள் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நாட்டின் நிலையான நேரத்தைப் பேணுவது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். இணையத்தில் அதன் நேரத்தைப் பார்க்கலாம். தினமும் காலை அதே வேளையில் உங்கள் கடிகாரம் எத்தனை விநாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று எழுதுங்கள். இயந்திரக் கடிகாரம் நாள்தோறும் ஒரே சீராகப் பத்து விநாடி முந்தினால் கவலை இல்லை. பழுதுபார்ப்பவர் சில நிமிடங்களில் சரிசெய்துவிடுவார். ஒருநாள் ஐந்து முந்தி, மறுநாள் இருபது பிந்தினால் உள்ளே கோளாறு. திடீரென்று நாளுக்குச் சில நிமிடம் ஓட ஆரம்பித்தால், கைபேசி உறையிலோ கைப்பையிலோ உள்ள காந்தம் பட்டிருக்கலாம். பிரிட்டிஷ் வான்படை 1940-களின் இறுதியில் வாங்கிய ‘மார்க் 11’ கடிகாரத்தில் இயந்திரத்தைச் சுற்றி மெல்லிரும்பு உறை ஒன்று வைத்ததும் காந்தத்தை அஞ்சியே. காந்தத்தை நீக்குவது பழுதுபார்க்கும் கடையில் ஒரு நிமிட வேலை; அதற்காகக் கடிகாரத்தைப் பிரிக்க வேண்டும் என்று சொன்னால் வேறு கடைக்குப் போங்கள்.